பித்தளை கீல், கொண்டி வச்ச தேக்குப் பெட்டி: சாமான் வாங்குறதுல இருந்து கடைசி ஸ்க்ரூ வரைக்கும்

நகை வைக்க, வெத்தல சாமான் வைக்க, இல்ல சும்மா ஹால்ல அழகுக்கு வைக்கன்னு ஒரு சின்ன மரப்பெட்டி செய்யணும்னு ஆசப்படுதவங்க நெறைய பேரு. மரவேலையில ஓரளவு கை பழகுனவங்க கூட இதுல மாட்டிக்கிடுதது பெரும்பாலும் ஒரே எடத்துலதான். மரத்த அறுத்து ஒட்டி பாலிஷும் போட்டு முடிச்சிட்டு, அதுக்குப் பொறவு கீல் வாங்கக் கடைக்குப் போறாங்க, போனா அந்த கனத்துக்குத் தகுந்த கீல் இருக்காது, இருக்குத கீல மாட்டுனா ஸ்க்ரூ முனை பெட்டிக்குள்ள எட்டிப் பாக்கும்.

அதனால இதுல வரிசைதான் முக்கியம். பித்தளை மொதல்ல, மரம் ரெண்டாவது. பாலிஷுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு தடவ மாட்டிக் கழட்டணும், பாலிஷுக்குப் பொறவு திரும்ப மாட்டணும். ரெண்டு வேலையான்னு கேப்பீங்க, ஆமா ரெண்டு வேலைதான்.

இங்க சொல்லுத அளவெல்லாம் 10 இஞ்ச் நீளம், 7 இஞ்ச் அகலம், 5 இஞ்ச் உயரப் பெட்டிக்கு. மரம் நாலு நூல் கனம் (ஒரு நூல்னா இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு), அதாவது 12 மில்லிமீட்டர் சொச்சம்.

1. ஆரம்பிக்கதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

இழைப்புளி, நல்லா தீட்டுன உளி ரெண்டு (3 நூல் ஒன்னு, 6 நூல் ஒன்னு), கொட்டாப்புளி, மூலைமட்டம், பல்லு நெருக்கமான சின்ன ரம்பம், மார்க்கிங் கேஜ் (ஓரத்துல இருந்து ஒரே தூரத்துல கோடு இழுக்குத சாமான்), கூரான கத்தி, டிரில், 1 மில்லியும் 2 மில்லியும் பிட். உப்புத்தாள் 120, 180, 240. பாக்கிங் டேப் ஒரு ரோல். மரவேலை கோந்து. ஒரு காந்தம்.

உளி தீட்டாம இந்த வேலையில எறங்காதீங்க. கதவு ஜன்னல்ல மொண்ணை உளிய வச்சு ஒப்பேத்திரலாம், ரெண்டு மில்லி ஆழத்துல கீலுக்கு எடம் வெட்டும்போது மொண்ணை உளி மரத்த வெட்டாது, பிச்சு எடுக்கும். தேக்குல வேற இயற்கையாவே மணல்சத்து உண்டு, கூரு சீக்கிரம் போயிரும், நடுவுல ரெண்டு மூணு தடவ தீட்ட வேண்டி வரும்.

2. பித்தளை சாமான் வாங்குறது

வாங்க வேண்டியது: ஒன்னரை இஞ்ச் கீல் ரெண்டு, முன்னாடிக்கு கொண்டியும் நாதாங்கியும் ஒரு ஜோடி, மூலைத்தகடு எட்டு, மூடி பின்னால சாயாம இருக்க ஒரு சின்னச் சங்கிலி. எல்லாத்துக்கும் பித்தளை ஸ்க்ரூவும் பித்தளை ஆணியும், எண்ணி வாங்காம நாலஞ்சு கூட வாங்குங்க.

கடைக்குப் போகும்போது காந்தத்த எடுத்துட்டுப் போங்க. பித்தளையில காந்தம் ஒட்டாது. ஒட்டுச்சுன்னா அது உள்ள இரும்பு, மேல முலாம், ஒரு வருசத்துல ஓரம் துருப்பிடிச்சு மரத்துல கறுப்புக் கறை எறங்கிரும். ஜாம்நகர், அலிகார் பக்கமிருந்து வர்ற நல்ல சாமான் நம்ம ஊரு ஹார்டுவேர் கடையிலயே கெடைக்கு, ஆனா அதே டப்பாவுல முலாம் போட்டதும் கலந்துதான் கெடக்கும், ஒவ்வொன்னா எடுத்து வச்சுப் பாக்கணும். கடைக்காரர் மொறைப்பாரு, "அண்ணாச்சி, ஒரு நிமிஷம் பாத்துக்கிடுதேன்"னு சிரிச்சிக்கிட்டே பாத்துருங்க.

கீலப் பாக்கும்போது மூணு விஷயம். மூடுனா ரெண்டு எலையும் (ஸ்க்ரூ ஓட்டை இருக்குத தகடு) ஒன்னுக்கொன்னு சமமா நிக்கணும், ஒரு ஓரம் ஒட்டியும் ஒரு ஓரம் வெலகியும் இருந்தா வேண்டாம். ரெண்டு எலையும் சேருத எடத்துல இருக்குத குழாயப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுனா ஆடக்கூடாது. கீலோட ஓட்டையில ஸ்க்ரூவ வச்சுப் பாத்தா தலை முழுசா உள்ள ஒக்காரணும், தலை வெளிய நீட்டிக்கிட்டு நின்னா மூடி ஒருநாளும் ஒழுங்கா மூடாது. இது கடையில வச்சே பாக்க வேண்டியது.

இப்ப அளவு. கீலோட எலை அகலம் மரத்தோட கனத்த விடக் கம்மியா இருக்கணும். 12 மில்லி மரத்துக்கு 10 மில்லி எலை சரி, உள்பக்கம் ரெண்டு மில்லி மரம் மிச்சம் நிக்கும், தெறந்து பாத்தா அதுதான் அழகு. மூலைத்தகட்டுக்கு 3 நூல் ஸ்க்ரூதான், 4 நூல் வாங்காதீங்க. தகட்டுக்கு ஒரு மில்லி போனா மிச்சம் கிட்டத்தட்ட மரத்தோட முழுக் கனமும் வந்துரும், முனை உள்ள வந்து, பெட்டிக்குள்ள போடுத துணியக் கிழிக்கும்.

3. மரம்

புது மரம் வாங்குததுக்கு பழைய மரம் மேல். பழைய வீடு இடிச்ச எடத்துல இருந்து வர்ற தேக்கு நிலை, ஜன்னல் சட்டம், கட்டில் கால் இதெல்லாம் பல வருசம் காஞ்சு அடங்கிப் போயிருக்கும். புதுசுதான் வேணும்னா பாவூர்சத்திரம், செங்கோட்டை மில்லுகள்ல துண்டு மரமா கேளுங்க, இந்தப் பெட்டிக்கு மூணரை அடி நீளப் பலகை ஒன்னு சுத்துக்கு, மேல் பலகைக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான் வேணும். வெளிறு (வெளிப்பக்கத்து வெளுத்த மரம்) இல்லாம வைரமாப் பாத்து எடுங்க. பூவரசும் நல்லாத்தான் வரும், ஆனா மொத பெட்டிக்கு தேக்குதான் என் கட்சி, அது ஒழுங்கா சொன்ன பேச்சு கேக்கும்.

பழைய மரத்துல ஒடைஞ்ச ஆணி உள்ள இருக்கும். காந்தத்த மேல ஓட்டிப் பாருங்க, இழைப்புளி அலகு தப்பிக்கும்.

மரம் வந்த அன்னைக்கே அறுக்காதீங்க. பெட்டி எந்த வீட்டுல இருக்கப் போகுதோ அந்த மாதிரி எடத்துல, அடியில குச்சி குடுத்து ரெண்டு வாரம் காத்தாடப் போட்டு வைங்க. சமையலறைத் தராசுல வச்சு எடை குறிங்க, நாலஞ்சு நாள் இடைவெளியில எடை மாறலன்னா மரம் அடங்கிட்டுன்னு அர்த்தம். நம்ம பக்கம் இது ரொம்ப அவசியம், சித்திரை வெயில்ல மரம் சுருங்கிக் கெடக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில ஊதும், தென்காசிப் பக்கம்னா ஆனி ஆடிச் சாரலுக்கே ஊத ஆரம்பிச்சிரும். சித்திரையில மூடிய கச்சிதமா இறுக்கிச் செஞ்சவங்க ஐப்பசியில அத நெம்பித்தான் தெறக்கணும்.

4. இழைக்கிறது, அறுக்கிறது

மொதல்ல ஒரு முகம், அப்பொறம் அதுக்கு நேரா ஒரு ஓரம், பொறவு கனம், கடைசியா அகலம். இந்த வரிசைய மாத்துனா எதுக்கு எது நேருன்னே தெரியாமப் போயிரும்.

பலகை அகலம் அஞ்சு இஞ்சோட ஒரு நூல் கூட வைங்க. இந்தப் பெட்டிய முழுசா மூடி ஒட்டிட்டு அப்பொறந்தான் மூடிய அறுத்துப் பிரிக்கப் போறோம், ரம்பம் தின்னுத மரத்துக்குத்தான் அந்த ஒரு நூல்.

நாலு பக்கத்தையும் ஒரே பலகையில வரிசையா எடுங்க: நீளம், குட்டை, நீளம், குட்டை. அப்பதான் ரேகை மூலையில ஒடையாம பெட்டியச் சுத்தி ஓடும். அறுக்கதுக்கு முன்னாடியே வெளிமுகத்துல 1, 2, 3, 4 எழுதி, மேல்பக்கம் எதுன்னு ஒரு அம்பும் போட்டுருங்க. அறுத்த பொறவு நாலும் ஒன்னு போல இருக்கும், எது எங்கன்னு தெரியாம முழிக்கிற பசங்கள எப்பவும் பாக்குதேன்.

5. மூலை

மூலை இணைப்புல பல வகை உண்டு. புறாவால் (டவ்டெயில்) அழகுதான், ஆனா அது தனியா பழக வேண்டிய வேலை. இந்தப் பெட்டிக்கு 45 டிகிரி சாய்வு வெட்டு போதும், பொறவு அதுல சில்லு (கீறல்ல சொருகுத மெலிசான மரத்துண்டு) ஏத்தி பலப்படுத்தலாம். சாய்வு வெட்டுக்கு இன்னொரு லாபம், அடுத்த பகுதியில வர்ற காடி (பலகை ஓரம் நுழையிற நீளப் பள்ளம்) வெளிய தெரியாது.

எட்டு வெட்டு இருக்கு. ஒவ்வொன்னுலயும் அரை டிகிரி தப்புனா மூணு மூலை பொருந்தி நாலாவது மூலையில நாலு டிகிரி வாய் பொளந்து நிக்கும். அதனால பழைய கட்டையில வெட்டிப் பாத்து, ரெண்டையும் சேத்து மூலைமட்டம் வச்சு 90 சரியா வருதான்னு பாத்துட்டு நல்ல மரத்துல கை வைங்க. எதிரெதிர் பக்கம் ரெண்டும் அச்சு அசலா ஒரே நீளம் இருக்கணும், ஒரு கட்டைய முட்டு குடுத்து வெட்டுனா தானா வந்துரும், டேப்ப வச்சு தனித்தனியா அளந்தா வராது. நீளம் மாறுனதுக்கு கோணத்தக் குத்தம் சொல்லிக்கிட்டு கெடப்பாங்க பாதிப் பேரு.

6. காடியும் மேல் கீழ் பலகையும்

நாலு பக்கத்தோட உள்முகத்துலயும் மேல் ஓரத்துல இருந்து 6 மில்லி தள்ளி ஒரு காடி, கீழ் ஓரத்துல இருந்து 6 மில்லி தள்ளி ஒரு காடி. 4 மில்லி அகலம், 5 மில்லி ஆழம்.

அடிக்கு 4 மில்லி பிளைவுட், கோந்து போட்டே எறக்கலாம், பிளைவுட் அவ்வளவா ஊதாது. மேல் பலகை நெஜத் தேக்கு, 8 மில்லி கனம், சுத்தி ஓரத்த மட்டும் 4 மில்லிக்கு எறக்கி காடியில நுழையிற மாதிரி செய்யணும். இதுக்கு கோந்து கூடாது. ஏழு இஞ்ச் அகலத் தேக்கு வெயிலுக்கும் மழைக்கும் ஒன்னு ஒன்னரை மில்லி போய் வரும், கோந்து போட்டுக் கட்டிப் போட்டா ஒன்னு பலகை பிளக்கும் இல்ல மூலை விடும். அகலவாக்குல பக்கத்துக்கு ஒரு மில்லி இடம் விட்டுருங்க. நீளவாக்குல மரம் அசையாது, அங்க இடம் தேவையில்ல.

7. ஒட்டுறது

ஒட்டுததுக்கு முன்னாடி உள்முகத்துக்கு உப்புத்தாளும் ஒரு கோட் பாலிஷும் (11வது பகுதியில சொல்லுத அரக்கு) போட்டுருங்க, ஒட்டுன பொறவு உள்மூலைக்கு கை போகாது. மேல் பலகைக்கு ஓரத்தோட சேத்து முழுசா போடுங்க, சுருங்கும்போது பாலிஷ் படாத வெள்ளைக் கோடு வெளிய தெரியாது. சாய்வு வெட்டுல மட்டும் பாலிஷ் படாம டேப் ஒட்டிக்கோங்க.

மொதல்ல கோந்து இல்லாம ஒரு தடவ முழுசா கூட்டிப் பாருங்க. பொறவு நாலு பக்கத்தையும் வெளிமுகம் மேல இருக்க வரிசையா முனைக்கு முனை சேத்து வச்சு பாக்கிங் டேப்ப இழுத்து ஒட்டி, மொத்தமாத் திருப்பிப் போடுங்க. சாய்வு வெட்டெல்லாம் மேல பாத்து இருக்கும். தேக்குல எண்ணெய்ப்பசை உண்டு, தின்னர் தொட்ட துணியால சாய்வத் தொடச்சு காயவிட்டு, மெலிசா ஒரு கை கோந்து தடவி மரம் குடிக்க விட்டு, ரெண்டு நிமிஷம் கழிச்சு ரெண்டாவது கை. குறுக்கு நார் கோந்தக் குடிச்சிரும், ஒரு கை மட்டும் போட்டா மூலையில ஒன்னுமே மிச்சம் இருக்காது.

அப்பிடியே மேல் கீழ் பலகைய காடியில வச்சு சுருட்டி, கடைசி மூலையில டேப்ப இறுக்கி ஒட்டுங்க. மூலைவிட்டம் ரெண்டையும் அளங்க, ரெண்டும் ஒன்னா இருந்தா பெட்டி சதுரமா நிக்கு, இல்லன்னா நீளமா இருக்குத மூலைவிட்டத்தோட ரெண்டு முனையையும் லேசா அமுக்குங்க. இதெல்லாம் வெரசா நடக்கணும், கோடை மத்தியானத்துல ஃபேனுக்குக் கீழ வச்சு ஒட்டுனா நீங்க அளந்து முடிக்கதுக்குள்ள கோந்து ஆடை கட்டிரும். காலையில வெள்ளன செய்யுங்க.

வழிஞ்ச கோந்த ஈரத்துணியால தேய்க்காதீங்க, மரத்துக்குள்ள எறங்கி பாலிஷ்ல திட்டுத்திட்டா தெரியும். நொங்கு பதத்துக்கு வந்ததும் உளியால சீவி எடுத்துருங்க.

மறுநாள் டேப்ப எடுத்துட்டு மூலையில ரம்பத்தால கீறல் போட்டு மெலிசான சில்லு ஏத்தி ஒட்டுங்க, மூடிப் பகுதிக்கு ஒன்னு, ஒடம்புப் பகுதிக்கு ரெண்டு. மூடி அறுக்கிற கோட்டுல சில்லு வரவே கூடாது, அதனால கோட்ட மொதல்ல பென்சில்ல போட்டுட்டு சில்லுக்கு எடம் பாருங்க.

8. மூடிய அறுத்துப் பிரிக்கிறது

மேல இருந்து ஒன்னரை இஞ்ச்ல சுத்தி கோடு. ரொம்பக் கம்மியா வச்சா கீல் ஸ்க்ரூ மேல்காடி வரைக்கும் போய் முட்டும்.

நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா சுத்திச் சுத்தி அறுங்க, ஒரே பக்கமா உள்ள போகாதீங்க. அறுத்த வாயில ரம்பத்தோட கனத்துக்கு ஒரு அட்டைய சொருகி வைங்க, இல்லன்னா வாய் மூடி ரம்பத்தப் பிடிக்கும். கடைசி ஒரு மில்லிய கத்தியால வெட்டிப் பிரிங்க.

ஒரு கண்ணாடியிலயோ தரை டைல்ஸ்லயோ முழு உப்புத்தாள ஒட்டி, பெட்டியையும் மூடியையும் கவுத்துப் போட்டு எட்டுப் போடுற மாதிரி தேய்ங்க. ஓரத்துல பென்சில் கோடு கிறுக்கிட்டு தேய்ச்சா, கோடு எல்லா எடத்துலயும் அழிஞ்சதும் நிறுத்திரலாம். இழைப்புளி போட்டா மூலை உருண்டுரும்.

9. கீல்: இங்கதான் பொறுமை

பெட்டியோட மானம் கீல்லதான் இருக்கு. அவசரப்படுதவங்க இந்தப் பகுதிய நாளைக்கு வச்சிக்கோங்க.

எங்க வைக்கணும்: ரெண்டு முனையில இருந்தும் ஒரு கீல் நீளம் உள்ள தள்ளி. குழாய் பின்முகத்துக்கு வெளிய நிக்கணும். குழாயோட நடு மையம் மரத்துக்கு உள்ள போயிட்டுன்னா மூடியத் தெறக்கும்போது பின் ஓரம் ரெண்டும் முட்டி, அந்த நெம்புதல்ல ஸ்க்ரூ பிடுங்கிக்கிட்டு வந்துரும்.

கீல அந்த எடத்துல பிடிச்சு கத்தியால சுத்தி கோடு கீறுங்க. பென்சில் வேண்டாம், பென்சில் கோட்டுக்கே அரை மில்லி கனம் இருக்கு, அந்தக் கோட்டுக்கு வெளிய வெட்டணுமா உள்ள வெட்டணுமான்னு கை தடுமாறும். கத்திக் கீறல்ல உளி தானாப் போய் ஒக்காரும்.

ஆழம்: கீல மூடி குழாயோட கனத்த அளங்க, அதுல பாதி ஆழம் ஒடம்புல, பாதி மூடியில. குழாய் 5 மில்லின்னா ரெண்டரை, ரெண்டரை. மார்க்கிங் கேஜ குழாயோட நடுவுக்கு வச்சு இறுக்கி அப்பிடியே மரத்துல கோடு இழுத்தா அளக்கவே வேண்டாம்.

வெட்டும்போது கோட்டுக்கு ஒரு மில்லி உள்ள தள்ளி குறுக்க வரிசையா உளிய எறக்கி, பக்கவாட்டுல சீவி எடுத்து, கடைசியா கோட்டுல வச்சு மெல்லமா ஒரு சீவல். உள்பக்கம் மிச்சம் நிக்கிற ரெண்டு மில்லி மரம் ஒடையாம இருக்க உள்ள ஒரு கட்டையக் குடுத்துக்கோங்க.

ஓட்டை: குத்தூசியால ஓட்டைக்கு நடுவுல ஒரு குத்து, அப்பொறம் பிட். நாலாம் நம்பர் ஸ்க்ரூன்னா 2 மில்லி பிட். ஓட்டை போடாம பித்தளை ஸ்க்ரூவ தேக்குல திருகுனா கழுத்து ஒடைஞ்சு உள்ள தங்கிரும், அத எடுக்குத பாடு சாமானியமில்ல. மொதல்ல அதே சைஸ் இரும்பு ஸ்க்ரூவத் திருகிப் பாதை போட்டு வெளிய எடுத்துருங்க, பித்தளை ஸ்க்ரூவுக்கு மெழுகுவர்த்தி தேய்ச்சு கடைசியில போட்டா போதும். சோப்பு தேய்க்காதீங்க, ஈரத்த இழுக்கும், பித்தளை பச்சை பிடிக்கும்.

இந்த மொத பொருத்தத்துக்கு இரும்பு ஸ்க்ரூ மட்டும்தான். கீலுக்கு எலைக்கு ஒன்னே ஒன்னு, நடு ஓட்டையில. மூடி எடது வலது தள்ளி நின்னா இன்னும் ரெண்டு ஓட்டை கன்னி கழியாம இருக்கு, அதுல சரி பண்ணிக்கிடலாம். மூணையும் ஒரே மூச்சுல முறுக்கிட்டா திருத்த எடமே கெடையாது.

போன வாரம் கூட பட்டறையில ஒரு தம்பி, "மாமா, முன்னாடி மூட மாட்டேங்கு, அமுக்குனா மூடுது, கைய எடுத்தா எந்திரிக்கி"ன்னான்.

"பின்னாடி இடைவெளி இருக்காலே?"

"இல்ல, பின்னாடி இறுக்கமா இருக்கு."

"அப்ப ஆழம் கூடிட்டு. கீல எடுத்துட்டு போஸ்ட் கார்டு அட்டைய வெட்டி அடியில வை."

அதுதான் கணக்கு. வெட்டு ஆழம் கூடுனா பின்பக்கம் மொதல்ல முட்டி முன்பக்கம் எந்திரிக்கும், அட்டையோ மெலிசான சிராயோ அடியில குடுங்க. ஆழம் கொறைஞ்சா பின்பக்கம் வெளிச்சம் தெரியும், இன்னும் ஒரு சீவல் எடுங்க. ஒருநாளும் அமுக்கி மூடிப் பழக்காதீங்க, ஸ்க்ரூதான் தளரும்.

10. கொண்டி, மூலைத்தகடு, சங்கிலி

கீல் முடிஞ்ச பொறவுதான் இதெல்லாம், மூடி எங்க ஒக்காருதுன்னு தெரியாம கொண்டிக்கு எடம் குறிக்க முடியாது. மூடிய மூடி, முன்முகத்துல நடு மையக் கோடு போட்டு, கொண்டிய மூடியில மொதல்ல மாட்டுங்க. பொறவு கொண்டிய தொங்கவிட்டு அதோட வாய் எங்க வருதோ அங்க நாதாங்கி. கொண்டி விழும்போது மூடிய லேசா கீழ இழுக்குற மாதிரி அரை மில்லி கீழ எறக்கி வைங்க, இல்லன்னா கடகடன்னு ஆடும்.

மூலைத்தகடு எட்டும் சரியா 90 இருக்கும்னு நம்பாதீங்க, உள்மடிப்புல அரத்தால ஒரு தேய்ப்பு, மர மூலையில உப்புத்தாளால ஒரு தேய்ப்பு, அப்ப ஒட்டி ஒக்காரும். எந்தத் தகடு எந்த மூலைக்குன்னு உள்பக்கம் நம்பர் கீறி வைங்க. ஆணின்னா 1 மில்லி பிட்ல ஓட்டை போட்டு, குறடுல பிடிச்சுக்கிட்டு சின்னச் சுத்தியலால தட்டுங்க, வெரல்ல பிடிச்சா வெரலுதான் போகும். இப்ப ஒரு ஆணி, பாதி மட்டும் எறக்குனா போதும், கழட்டணும்லா.

சங்கிலி மூடி 100 டிகிரி போல சாயுத நீளத்துக்கு. நேரா 90ல நிறுத்துனா மூடி தானா விழுந்து வெரல நசுக்கும்.

11. எல்லாத்தையும் கழட்டி பாலிஷ்

ஒவ்வொரு கீலையும் அதோட ஸ்க்ரூவையும் தனித்தனி கவர்ல போட்டு எடது வலது எழுதுங்க. உப்புத்தாள் 120, 180, 240, ரேகை ஓடுற திசையில மட்டும். தேக்குத் தூசி சிலருக்கு மூக்கையும் தோலையும் அரிக்கும், மாஸ்க் போட்டுக்கோங்க.

பாலிஷுக்கு அரக்கு. 200 மில்லி ஸ்பிரிட்டுக்கு 30 கிராம் செதில், ராத்திரி ஊறப்போட்டு காலையில துணியில வடிகட்டுங்க, அடுப்புப் பக்கம் வேண்டாம். பஞ்ச பழைய வேட்டித் துணியில பொதிஞ்சு மெலிசா மெலிசா ஆறேழு கை, நடுவுல காய விட்டு. மழை நாள்லயும் சாரல் அடிக்கிற நாள்லயும் போடாதீங்க, காத்துல ஈரம் இருந்தா வெள்ளையா பூத்துரும்.

கீல் வெட்டுன குழிக்குள்ள பாலிஷ் தேங்க விடாதீங்க, ஆழம் மாறி நீங்க பட்ட பாடு வீணாயிரும்.

பித்தளைய தனியா துலக்குங்க. புளி போட்டுத் தேய்ச்சு, நல்ல தண்ணியில ரெண்டு தடவ கழுவி, உடனே தொடச்சு வெயில்ல வைங்க, புளித்தண்ணி மிச்சம் இருந்தா பச்சை பூக்கும். ஏற்கனவே லாக்கர் பூசி வந்த பித்தளைன்னா தேய்க்கவே கூடாது, திட்டுத்திட்டா உரிஞ்சு அசிங்கமாயிரும். பெட்டியில மாட்டுன பொறவு துலக்கலாம்னு நெனைக்காதீங்க, அந்தக் கறுப்பு அழுக்கு மரத்துல ஏறுனா போகாது.

12. உள்ள

வெல்வெட்டு போடலாம். எனக்குப் பிடிச்சது பத்தமடைப் பாய்த் துண்டு, மெலிசான கோரைப் பாயா வாங்கி மூடியோட உள்பக்கத்துக்கு மட்டும். வெட்டுன ஓரம் பிரியும், வெட்டுததுக்கு முன்னாடியே கோட்டுல மெலிசா கோந்து தடவி காயவிட்டு வெட்டி, ஓரத்துல துணி நாடா ஒட்டுங்க. எதுவா இருந்தாலும் அட்டையில ஒட்டி அந்த அட்டைய உள்ள எறக்குங்க, நேரா மரத்துல ஒட்டுனா மேல் பலகை அசையும்போது துணி சுருங்கும், பின்னால மாத்தவும் முடியாது.

13. திரும்ப மாட்டுறது

பாலிஷ் போட்டு ஒரு வாரம் விட்டுட்டு மாட்டுங்க, அதுக்கு முன்ன மாட்டுனா தகடு பாலிஷ்ல ஒட்டிப் பிடிச்சிரும். இப்ப பித்தளை ஸ்க்ரூ. திருப்புளி ஸ்க்ரூ பள்ளத்துக்கு சரியாப் பொருந்தணும், சின்னதா இருந்தா வழுக்கி பாலிஷ்ல கீறல் போடும். கை முறுக்கு மட்டும், டிரில்ல முறுக்காதீங்க, பித்தளை தாங்காது. கடைசி முறுக்குல எல்லா ஸ்க்ரூ பள்ளமும் ஒரே திசையில நிக்கிற மாதிரி விடுங்க, பாக்குதவங்களுக்கு ஏன் நல்லாருக்குன்னு தெரியாது, ஆனா நல்லாருக்கும்.

கால் வேணும்னா அம்பாசமுத்திரத்துல கடசல் பிடிக்கிறவங்ககிட்ட நாலு குமிழ் சொல்லிச் செய்யுங்க, அடிப் பிளைவுட்ல மாட்டாம பக்கப் பலகையோட கீழ் ஓரத்துல வர்ற மாதிரி மூலையில ஒட்டணும், 4 மில்லி பிளைவுட் எடையத் தாங்காது. மொத மழைக்காலம் முடிஞ்சதும் கீல் ஸ்க்ரூவ ஒரு தடவ தொட்டுப் பாருங்க, லேசா தளர்ந்திருக்கும், கால் சுத்து முறுக்குனா போதும்.